இடித்துவிட்டு நிற்காமல் போனவரின் நம்பரைப் பிடித்துத் தருமா? வியோஃபோ ஏ229 ப்ரோ

டேஷ்கேம், அதாவது காரின் கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் பதியும் கேமரா. அதற்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வானம் எவ்வளவு நீலமாகத் தெரிகிறது, இரவில் தெருவிளக்கு எப்படி ஒளிர்கிறது என்று பார்த்துவிட்டு நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியைத் தேடுகிறவருக்கு வானத்தின் நிறத்தால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது நம்பர் பிளேட்டில் இருக்கும் எட்டு, பத்து எழுத்துகள். வியோஃபோ ஏ229 ப்ரோவின் இரண்டு கேமரா மாடலை அந்த ஒரு வேலையை மட்டும் வைத்து இங்கே எடை போட்டிருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பகலில் முன் கேமரா நன்றாகப் பிடிக்கும். பின் கேமரா பரவாயில்லை. இரவில் ஓடுகிற வண்டி என்றால் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். பக்கவாட்டில் உரசிவிட்டுப் போனவர் அனேகமாகத் தப்பித்துவிடுவார். எந்த நிறுவனத்தின் டேஷ்கேம் வாங்கினாலும் இந்த வரிசை பெரிதாக மாறாது. ஆனால் ஒரே கேமராவை வைத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு நம்பர் கிடைக்கும், இன்னொருவருக்குக் கிடைக்காது. வித்தியாசம் வயரிங்கிலும் செட்டிங்கிலும் இருக்கிறது. அதனால் கீழே பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முன் கேமராவில் சோனியின் ஸ்டார்விஸ் 2 வரிசை சென்சார், ஐஎம்எக்ஸ்678. நொடிக்கு 30 ஃபிரேம் வேகத்தில் 4கே, அதாவது 3840 x 2160 பிக்சல். பின் கேமராவில் ஐஎம்எக்ஸ்675, 2560 x 1440. பார்வைக் கோணம் முன்னால் 140 டிகிரி, பின்னால் 160 டிகிரி என்று கம்பெனி போட்டிருக்கிறது. உள்ளே லித்தியம் பேட்டரி கிடையாது, சில நொடிக்கு மட்டும் கரண்டைச் சேர்த்து வைக்கும் சூப்பர் கெபாசிட்டர்தான். வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடியில் ஒட்டி வைக்கிற பொருளில் லித்தியம் பேட்டரி உப்பிப் போகும் என்பதால் இது சரியான தேர்வு. ஜிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, 512 ஜிபி வரை மெமரி கார்டு எல்லாம் உண்டு. குரல் கட்டளையும் உண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

4கே என்றால் எத்தனை மீட்டர்?

பெட்டியில் போட்டிருக்கும் பார்வைக் கோணம் பொதுவாக மூலைக்கு மூலை அளந்தது. பக்கவாட்டில் சுமார் 120 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். 3840 பிக்சலை 120 டிகிரிக்குப் பங்கு போட்டால் டிகிரிக்கு 32 பிக்சல். நம்பர் பிளேட் எழுத்தின் உயரம் ஏறக்குறைய 75 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், 10 மீட்டர் தொலைவில் அந்த எழுத்து 0.43 டிகிரி, அதாவது 14 பிக்சல் உயரம் இருக்கும். மனிதக் கண் 8-க்கும் பி-க்கும் வித்தியாசம் சொல்ல ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். 20 மீட்டரில் 7 பிக்சல்தான் மிஞ்சும். அங்கே பிளேட் இருக்கிறது என்று தெரியும், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

பின் கேமராவின் கோணம் அகலம், பக்கவாட்டில் சுமார் 135 டிகிரி என்று வைத்து அதே கணக்கைப் போட்டால் டிகிரிக்கு 19 பிக்சல் வருகிறது. முன் கேமரா 10 மீட்டரில் தருவதைப் பின் கேமரா 6 மீட்டரில்தான் தரும். பழைய 1080பி (1920 பிக்சல் அகலம்) கேமராவை முன்னால் மாட்டியிருந்தால் அந்த எல்லை 5 மீட்டர். 4கே வாங்குவதால் கிடைப்பது அந்தக் கூடுதல் 5 மீட்டர்தான். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் இடித்தவர் கிளம்பிப் போகும் விதத்தைப் பார்த்தால் அதன் அருமை புரியும். முன்னால் 4 மீட்டரில் இருக்கும் வண்டி முழு ஆக்சிலரேட்டரில் பறக்கிறது, நொடிக்கு நொடி வேகம் 3 மீட்டர் கூடுகிறது என்று வையுங்கள். அது 10 மீட்டரைத் தாண்ட இரண்டு நொடி ஆகும். அதாவது 60 ஃபிரேம். 5 மீட்டர் எல்லையுள்ள கேமராவுக்கு அதே ஓட்டத்தில் கிடைப்பது 0.8 நொடி, 24 ஃபிரேம். அதில் பாதி ஃபிரேமில் உங்கள் வண்டி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்.

இதில் பலருக்குத் தோன்றாத விஷயம் ஒன்று உண்டு. மோதும் அந்த ஃபிரேமில் நம்பர் தெரியவே தெரியாது. பின்னால் வந்து முட்டும் வண்டியின் முன் பிளேட் உங்கள் டிக்கியின் விளிம்புக்குக் கீழே மறைந்துவிடும். செடான் கார் என்றால் கடைசி மூன்று மீட்டர் முழுக்க மறைவு. நம்பர் கிடைப்பது அதற்கு முன்னால், அவர் 6 மீட்டரில் நெருங்கி வரும்போது. அல்லது அதற்குப் பின்னால், அவர் உங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் ஓடும்போது. ஆகவே பின்னால் இடி வாங்கினாலும் முக்கியமான பதிவு பல நேரம் முன் கேமராவில்தான் இருக்கும். பின் கேமராவின் கோப்பை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றும் விழவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. கோப்புப் பெயரின் கடைசியில் ஆங்கில எஃப் இருந்தால் முன்பக்கம், ஆர் இருந்தால் பின்பக்கம். இரண்டையும், மோதலுக்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளோடு சேர்த்துப் பாருங்கள்.

இரவில் ஏன் கோட்டைவிடுகிறது

பிக்சல் போதும், ஆனால் எழுத்து இழுபட்டிருக்கிறது என்பதுதான் இரவுப் பதிவுகளின் பொதுவான குறை. உங்களுக்குக் குறுக்காக மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் 10 மீட்டர் தள்ளி ஒரு வண்டி கடக்கிறது. திரையில் அது நொடிக்கு ஏறக்குறைய 1800 பிக்சல் நகரும். பகலில் ஷட்டர், அதாவது ஒரு ஃபிரேமுக்கு ஒளியை உள்ளே விடும் நேரம், 1/1000 நொடி என்றால் இழுபடுவது 2 பிக்சலுக்கும் குறைவு. எழுத்து நிற்கும். இரவில் ஷட்டர் 1/30 நொடி வரை திறந்திருக்கலாம், அப்போது இழுபடுவது 60 பிக்சல். மொத்த பிளேட்டே 95 பிக்சல் அகலம்தான். இதில் எந்தச் சென்சாரும் மந்திரம் செய்யாது. ஸ்டார்விஸ் 2 குறைந்த வெளிச்சத்தில் கொஞ்சம் வேகமான ஷட்டருக்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது எதிரி உங்கள் சொந்த ஹெட்லைட். பிளேட்டுகள் ஒளியைத் திருப்பி அடிக்கும் தாளில் செய்தவை. உங்கள் விளக்கு அதில் பட்டதும் பிளேட் வெள்ளைக் கட்டமாக எரிந்துவிடும். மிகுந்த வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் சமன் செய்யும் எச்டிஆர் வசதி இதற்குத்தான். அதை இரவில் ஆன் செய்தே வையுங்கள். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முன் கேமராவுக்கு 0.3 அல்லது 0.7 அளவு குறைத்தால் படம் இருட்டாக, அழகில்லாமல் இருக்கும். ஆனால் எழுத்து மிஞ்சும். பார்க்க அழகான இரவுப் படமும் படிக்க முடிகிற இரவுப் பிளேட்டும் ஒரே செட்டிங்கில் கிடைப்பதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் சிபிஎல் ஃபில்டர் தனியாக விற்கிறார்கள். பகலில் டேஷ்போர்டின் நிழல் படத்தில் விழுவதை அது நன்றாக வெட்டும். அதற்கு விலையாக வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். இரவில் அதிகம் ஓட்டுகிறவருக்கு வேண்டாம். பின் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் இதே திருட்டைத்தான் செய்கிறது. பின் கேமரா இருக்கும் இடத்தில் மட்டுமாவது ஃபிலிமை வெட்டி எடுத்துவிடுவது நல்லது. பின் கண்ணாடியின் பனியைப் போக்கும் டீஃபாகர் கம்பி லென்ஸுக்கு நேராக வராமலும் பாருங்கள்.

இந்த இரவுப் பிரச்சினை எல்லாவற்றுக்கும் செலவே இல்லாத ஒரு வைத்தியம் இருக்கிறது: ஒலிப்பதிவை ஆன் செய்து வைப்பது. நம்பர் கண்ணுக்குத் தெரிந்த மறுநொடி அதை வாய்விட்டுப் படியுங்கள். வண்டியின் நிறம், மாடல், போன திசை எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லுங்கள். கேமராவால் படிக்க முடியாததை உங்கள் கண் படித்துவிடும். பதற்றத்தில் இரண்டு நிமிடத்தில் மறந்தும்விடும். கோப்பில் நேரத்தோடு பதிந்த குரல் மறக்காது. மைக் பட்டன் தவறுதலாக அழுந்தி ஒலி மாதக்கணக்கில் அணைந்தே கிடப்பது சகஜம். மாதம் ஒரு முறை ஒரு கோப்பைப் போட்டுக் கேளுங்கள்.

நிறுத்தி வைத்த காரில் இடித்துவிட்டுப் போனால்

பார்க்கிங் பதிவுக்குக் கூடுதலாக ஹார்டுவயர் கிட் (காரின் கரண்டை நேரடியாகக் கேமராவுக்குக் கொடுக்கும் வயர்) வாங்கி ஃபியூஸ் பாக்ஸில் இணைக்க வேண்டும். மூன்று வயர்: எப்போதும் கரண்ட் வரும் பேட்டரி வயர், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஏசிசி வயர், பாடியில் முறுக்கும் எர்த். பார்க்கிங் பதிவு வேலை செய்யவில்லை என்ற புகாரை நோண்டினால் பெரும்பாலும் இங்கேதான் தப்பு இருக்கும். இரண்டு வயரையும் நிரந்தரக் கரண்டில் போட்டுவிட்டால் கார் அணைந்ததே கேமராவுக்குத் தெரியாது. முழு வேகத்தில் பதிந்து பேட்டரியை இறக்கும். இரண்டையும் ஏசிசியில் போட்டால் சாவியை எடுத்ததும் கேமரா செத்துவிடும்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பாடியின் பெயின்ட் இல்லாத போல்ட்டில் பிடித்து, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் சிவப்பு முனையை வையுங்கள். சாவி போட்டபோது 12 வோல்ட், எடுத்தால் 0 காட்டுவது ஏசிசி. இரண்டு நிலையிலும் 12 காட்டுவது நிரந்தரம். ஒரு எச்சரிக்கை: பல புதிய கார்களில் சாவியை எடுத்த பிறகும் சில ஃபியூஸ்களில் பத்து, இருபது நிமிடம் கரண்ட் நிற்கும். கதவைப் பூட்டி, அரை மணி கழித்து இன்னொரு முறை அளந்த பிறகே முடிவு செய்யுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டீயரிங் ஃபியூஸ்களில் கை வைக்கவே வேண்டாம்.

கரண்ட் கணக்கு இப்படி: பார்க்கிங்கில் இரண்டு கேமராவும் சேர்ந்து 5 வாட் எடுக்கிறது என்று வைத்தால் 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி. சிறிய காரின் 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது கால்வாசி. ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட்டில் நிறைவு, 12.2-இல் ஏறக்குறைய பாதி. கட்-ஆஃபை, அதாவது கேமரா தானே அணையும் வோல்ட் அளவை, 12.2-க்குக் கீழே இறக்காதீர்கள். பழைய பேட்டரி என்றால் 12.4 நல்லது.

பார்க்கிங் பதிவில் மூன்று வகை உண்டு. அசைவு தெரிந்தால் மட்டும் பதிவது ஒன்று. இடைவெளி விட்டு ஒவ்வொரு ஃபிரேமாக எடுக்கும் டைம்லாப்ஸ் இன்னொன்று. குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு எழுதும் டேட்டா அளவில்) விடாமல் பதிவது மூன்றாவது. நம் வேலைக்கு மூன்றாவதுதான் சரி. டைம்லாப்ஸில் நொடிக்கு ஒரு ஃபிரேம் வைத்தால் உரசல் ஒரு ஃபிரேமிலும் அவர் கிளம்பிப் போவது மூன்று ஃபிரேமிலும் முடிந்துவிடும். அந்த மூன்றில் பிளேட் படிக்கும்படி விழும் என்று எதிர்பார்ப்பது லாட்டரி. ஒலியும் இருக்காது. மெதுவாக உரசும் இடி, அதிர்வை உணரும் ஜி-சென்சாரைத் தட்டி எழுப்பாது என்பதையும் நினைவில் வையுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பரைக் கீறுகிறவர்தான் அதிகம், அவருடைய இடியில் கார் ஆடுவதே இல்லை. பார்க்கிங்கில் ஜி-சென்சாரின் உணர்திறனை உயர்த்தி, ஓட்டும்போது குறைத்து வையுங்கள். ஓட்டும்போது உயர்த்தினால் ஒவ்வொரு பள்ளமும் அழியாதபடி பூட்டிய ஒரு கோப்பாகி, தேவையில்லாத பதிவுகள் கார்டை அடைத்துக்கொள்ளும்.

பக்கவாட்டுக் குருட்டு இடத்துக்கு இந்த மாடலில் பதில் இல்லை. உள்கேமரா உள்ள மூன்று கேமரா வகை பக்கக் கண்ணாடிகள் வழியே ஓரளவு பார்க்கும். ஆனால் அதில் பிளேட் படிக்கும் தெளிவை எதிர்பார்க்கக் கூடாது. உரசியவர் உங்கள் காரைத் தாண்டி முன்னாலோ பின்னாலோ போனால் சிக்குவார். வந்த வழியே ஒதுங்கிப் போனால் சிக்க மாட்டார்.

கார்டு

கேமரா நல்லதாக இருந்து கார்டு சொதப்புவதுதான் எரிச்சலின் உச்சம். முழு பிட்ரேட்டில் இரண்டு கேமராவும் நொடிக்கு 45 மெகாபிட் எழுதினால் ஒரு மணிக்கு 20 ஜிபி. 128 ஜிபி கார்டு 6 மணி நேரத்தில் நிறைந்து பழையதை அழிக்க ஆரம்பிக்கும். திங்கட்கிழமை விழுந்த கீறலை வியாழக்கிழமை கவனிக்கிறவருக்கு அது போதாது. 256 ஜிபி குறைந்தபட்சம். திரும்பத் திரும்ப எழுதினாலும் தாங்கும் "ஹை எண்டியூரன்ஸ்" என்று போட்ட, வி30 வேகமுள்ள கார்டே வாங்குங்கள். சாதாரண கார்டு தேய்ந்து போனால் சத்தமில்லாமல் சாகும். கேமராவில் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே ஒன்றும் பதியாது. மாதம் ஒரு முறை கம்ப்யூட்டரில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

கோப்பு நீளத்தை ஒரு நிமிடமாக வையுங்கள். பெரிய மோதலில் கரண்ட் அறுந்தால் கடைசிக் கோப்பை முடித்து வைக்கவே சூப்பர் கெபாசிட்டர். அது தவறினால் கோப்பு இருக்கும், எந்தப் பிளேயரிலும் திறக்காது. அப்போது கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள். அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருளுக்கு அதே கேமராவின் நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் பல சமயம் மீட்டுத் தரும்.

நேரம் சரியாக இருப்பதும் இங்கே சேர்த்தி. ஜிபிஎஸ் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும், ஆனால் நேர மண்டலத்தை நீங்கள்தான் வைக்க வேண்டும். அதில் பிசகு இருந்தால் உங்கள் பதிவு மாலை நான்கு மணி என்றும் எதிர்க் கடையின் சிசிடிவி ஒன்பதரை என்றும் காட்டும். விசாரிக்கிறவருக்கு இரண்டும் வேறு வேறு சம்பவம்.

இடித்தவர் ஓடிவிட்டார், இனி

முதலில் அடிபட்டவர்களைப் பார்ப்பது. துரத்துவது வேண்டாம். பூட்டு பட்டனை ஒரு முறை அழுத்தினால் அப்போதைய கோப்பு அழியாத தனி ஃபோல்டருக்குப் போகும். மோதல் ஒரு கோப்பின் முடிவில் நடந்து, அவர் ஓடியது அடுத்த கோப்பில் இருந்தால் அதற்குப் பூட்டு விழாமல் இருக்கலாம். ஆகவே வண்டியை ஓரங்கட்டியதும் கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. அதை அடாப்டரில் போட்டு, அடாப்டரின் பக்கவாட்டுப் பூட்டைக் கீழே தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். முழு ஃபோல்டரையும் நகலெடுத்து, முக்கியக் கோப்புகளின் ஷா-256 மதிப்பை (கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணை) குறித்துக்கொள்ளுங்கள். நகலில் யாரும் கை வைக்கவில்லை என்று பிறகு காட்ட அது உதவும். மூலக் கார்டை உறையில் போட்டு ஒதுக்கிவிட்டு, கேமராவுக்கு வேறு கார்டு போடுங்கள்.

ஃபோன் ஆப்பில் ஓடிப்பார்க்கும் காட்சி தரம் குறைத்தது. அதைப் பார்த்து நம்பர் தெரியவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. முழுக் கோப்பை இறக்குங்கள். வாட்ஸப்பில் அனுப்புவதானால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் 14 பிக்சல் எழுத்து 4 பிக்சல் ஆகிவிடும்.

கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் திறந்து ஆங்கில ஈ விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். பிளேட் 10 மீட்டருக்குள் இருக்கும் ஃபிரேம்கள் எல்லாவற்றையும் படமாக எடுத்து வரிசையாக வைத்துப் படியுங்கள். ஒரு ஃபிரேமில் 8 மாதிரி இருப்பது இன்னொன்றில் பி என்று தெளியும். பூஜ்யமும் ஓவும், ஒன்றும் ஏழும் இப்படித்தான் பிரியும். உறுதியானதை உறுதியாகவும், சந்தேகமானதை "3 அல்லது 8" என்றும் எழுதிக் கொடுங்கள். படத்தைத் தெளிவாக்கித் தருகிறேன் என்று வரும் செயற்கை நுண்ணறிவு ஆப்களிடம் மட்டும் பிளேட்டைக் கொடுத்துவிடாதீர்கள். அவை இல்லாத எழுத்தை அழகாக வரைந்து கொடுக்கும். அந்த நம்பருக்குச் சொந்தக்காரர் எங்கோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். அதே காரணத்துக்காக நம்பரைச் சமூக வலைத்தளத்தில் போடுவதும் தப்பு.

பாதி நம்பர்தான் கிடைத்ததா? அதோடு மாடல், நிறம், அலாய் வீலின் வடிவம், பின் கண்ணாடி ஸ்டிக்கர், புதிதாக விழுந்த அடி எந்த மூலையில் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், பதிவேட்டைத் தேடும் அதிகாரமுள்ள காவல்துறைக்கு வட்டம் சட்டென்று சுருங்கும். போலி பிளேட்டாக இருந்தாலும் இந்த அடையாளங்கள் நிற்கும். சாலையில் கிடக்கும் ஹெட்லைட் துண்டையோ கண்ணாடிக் கூட்டையோ ஒதுக்கித் தள்ளாதீர்கள். அதன் உட்பக்கத்தில் அச்சடித்த பாகத்தின் எண்ணே எந்த மாடல், எந்தப் பக்கத்து விளக்கு என்று சொல்லிவிடும். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, தொடாமல் காவல்துறையிடம் காட்டுங்கள். சுற்றியிருக்கும் கடைகளின் சிசிடிவி சில நாட்களில் தன்மேல் தானே எழுதிக்கொள்ளும். அன்றைக்கே போய்ப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அங்கே நிற்கும்போது அந்தப் பெட்டியின் கடிகாரத்தையும் உங்கள் ஃபோன் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கடையின் கடிகாரம் எத்தனை நிமிடம் பிசகியிருக்கிறது என்று பிறகு யாரும் கேட்கத் தேவையிருக்காது.